மிதக்கும் பொருள் 4417

உலகத்திலேயே வேகமான படைச் சரக்குக் கப்பலைக் கட்ட எங்களுக்கு ஒன்பது வருஷம் பிடித்தது. அவசரம் என்று சொல்லித்தான் ஆர்டர் வந்தது. எந்தப் போருக்காகக் கேட்டார்களோ அந்தப் போர் முடிந்து, எதிரிகள் நண்பர்களாகி, மறுபடி எதிரிகளாகி, இரண்டாம் முறை நண்பர்களானபோது நாங்கள் பின்பக்கக் கதவைப் பொருத்திக்கொண்டிருந்தோம்.

கப்பலைக் குறை சொல்ல மாட்டேன். முழுக்க அலுமினியம். ஒல்லியான இரண்டு உடல்கள், அவற்றின் மேல் பாலம் போட்டது மாதிரி ஒரு தளம். முந்நூறு சிப்பாய்களையும் அவர்களுடைய வண்டிகளையும் விழுங்கிக்கொண்டு நாற்பத்துமூன்று நாட் வேகத்தில் ஓடும். தரைக் கணக்கில் மணிக்கு ஐம்பது மைல். அமெரிக்காவின் தென்கரையில், மோபீல் விரிகுடாவின் தலைமாட்டில் எங்கள் கப்பல் கட்டும் யார்டு. நான் அங்கே பாரந்தூக்கி ஓட்டினேன். ஓடெல் லாட்னியர் வெல்டர்.

அலுமினியத்தை வெல்டிங் செய்கிறவர்கள் குறைவு. இரும்பு சூடானால் சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் முகத்தில் எதையும் காட்டாமல் இருந்துவிட்டுத் திடீரென்று ஒழுகிவிடும். ஓடெல் அதன் மனசை முன்கூட்டியே அறிந்தவர். அறுபத்துமூன்று வயதிலும் அவர் போட்ட வெல்டிங் கோடு, ஸ்கேல் வைத்து வரைந்த மாதிரி இருக்கும்.

கப்பலை வாங்கிக்கொள்ளப் படையிலிருந்து ஏற்பு அலுவலகம் என்று ஒன்று வந்து எங்கள் யார்டில் தங்கியது. அதன் தலைவர் கமாண்டர் ஹோலிஸ் பிராட்டன். நல்ல மனிதர். சட்டையில் ஒரு சுருக்கம் பார்த்ததில்லை. விதிப் புத்தகத்தை அக்குளில் வைத்துக்கொண்டே சாப்பிடுவார். அவரை முதலில் தொந்தரவு செய்தது, புதுக் கப்பலின் பெயர்சூட்டு விழாவில் வழக்கப்படி அதன் முகப்பில் உடைக்க வேண்டிய ஷாம்பெயின் புட்டி.

ஒத்திகையில் அந்தப் புட்டியை முகப்பில் அடித்துப் பார்த்தார்கள். அலுமினியம் மெலிசு. கப்பல் ஒடுங்கியது. புட்டிக்குச் சேதமில்லை என்று அறிக்கை எழுதினார்கள். இரண்டாவது ஒத்திகையிலும் கப்பல்தான் ஒடுங்கியது. மூன்றாவதில் ஒரு குழு அமைத்தார்கள். முகப்பில் இரும்புத் தகடு ஒன்றை வெல்டிங் செய்து, புட்டியை அதன்மேல் உடைக்கலாம் என்று குழு முடிவு செய்தது. வேலை ஓடெலுக்கு வந்தது.

"ஒட்டாது சார்" என்றார் ஓடெல்.

"ஏன் ஒட்டாது?"

"இரும்பும் அலுமினியமும் ஒட்டாது. பிறவியே அப்படி."

பிராட்டன் புத்தகத்தைப் பிரித்தார். "பதினோராவது விதியில 'வெல்டிங் செய்யப்படும்'னு தெளிவா போட்டிருக்கு. ரெண்டு உலோகத்துக்கிட்டயும் அதைச் சொல்லிப் பாத்தீங்களா?"

மூன்று மாதம் கடிதப் போக்குவரத்து நடந்தது. கடைசியில் ஓடெல் படகு ஓட்டை அடைக்கும் பசையால் தகட்டை ஒட்டி, ஓரத்தில் அதே பசையை வெல்டிங் மாதிரி வரிவரியாக இழுத்து, மேலே சாம்பல் நிறம் பூசினார். நான்கு பேர் விளக்கடித்துப் பார்த்தார்கள். இந்தக் கப்பலிலேயே நேர்த்தியான வெல்டிங் அதுதான் என்று அவருக்கு நற்சான்றிதழ் தந்தார்கள்.

வெள்ளிக்கிழமையோடு கப்பல் யார்டின் கணக்கிலிருந்து படையின் கணக்குக்கு மாறியது. ஞாயிற்றுக்கிழமை பெயர்சூட்டு விழா. இடையில் சனிக்கிழமை புயல் வந்துவிட்டது.

புயலுக்குக் கப்பலை இறுக்கிக் கட்ட ஓடெலையும் என்னையும் யார்டிலேயே நிறுத்திக்கொண்டார்கள். கப்பலுக்கு ஒரு கீறல் இல்லை. ஹெரன் தீவுக்குப் போகும் பாலம் மட்டும் காணாமல் போயிற்று. முப்பது மைல் தெற்கே, விரிகுடா கடலோடு சேரும் இடத்தில் அந்தத் தீவு. ஓடெலின் வீடு அங்கே. மனைவி வெர்டியும் அங்கே.

வெர்டிக்கு நுரையீரல் போய்விட்டது. முப்பது வருஷச் சிகரெட்டும், இறால் ஆலையில் இருபது வருஷக் குளோரினும். கரண்ட்டில் ஓடும் ஒரு பெட்டி அவளுக்கு மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தது. கரண்ட் போனால் ஆக்சிஜன் உருளை. சிக்கனமாக வைத்தால் ஒன்று ஒரு நாள் வரும். இதற்கு முன் பதினோரு புயல்கள் தீவை விட்டு விலகிப் போயிருந்தன. பன்னிரண்டாவதுக்காக வீட்டை விட்டுக் கிளம்புவதை வெர்டி கௌரவக் குறைவாக நினைத்திருந்தாள்.

ஞாயிறு காலையில் தீவிலிருந்து ஒரே ஒரு வானொலி பேசியது. திருமதி லியூ என்ற வியட்நாம்காரியின் இறால் படகு பறந்துபோய் மாதாகோவில் வண்டி நிறுத்துமிடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. அதன் பேட்டரி சாகவில்லை, வெர்டியும் அதில்தான் இருந்தாள். எங்கள் இழுவைப் படகின் வானொலியில் ஓடெல் பேசினார்.

"வெர்டி, கேக்குதா?"

"கேக்குது. உயிரோட இருக்கியா, இல்ல ஓவர்டைம் பாக்குறியா?"

"உருளை எத்தனை இருக்கு?"

"மூணு. கூரை இல்ல, சமையக்கட்டு இல்ல. உன் தூண்டிலெல்லாம் மெக்சிகோ போயிருச்சு. உருளை மூணு."

"நான் வர்றேன்."

"எதுல? இங்க இருக்கற படகெல்லாம் பைன் மரத்துல காய்ச்சுத் தொங்குது."

ஓடெல் நிமிர்ந்து பார்த்தார். எதிரே நூற்றுப் பத்து கஜ நீளத்துக்கு வெயிலில் பளபளத்துக்கொண்டு நின்றது.

"ஒரு கப்பல் இருக்கு" என்றார்.

"அந்த ஒன்பது வருஷக் கப்பலா? சரி, நான் மூச்சைக் கொஞ்சம் மெதுவா விடறேன்."

ஹெலிகாப்டர்களுக்கு முதலில் எழுதிப் போட்டோம். மேற்கே இன்னும் மோசமாம், எல்லாம் அங்கே. தீவில் தங்கியிருந்தவர்கள் இருபத்துமூன்று பேர். அவர்களுடைய வரிசை எண் இருநூற்றுப் பன்னிரண்டு. யார்டில் இருந்த வாயு உருளைகளைக் கொண்டுபோகலாம் என்றாலும் வழியில்லை. அலுமினிய வெல்டிங்குக்கு ஆர்கான்தான். அதை மூக்கில் மாட்டினால் ஆள் அமைதியாகப் போய்விடுவார். கப்பலின் மருத்துவ அறையில் மட்டும் நாற்பது ஆக்சிஜன் உருளைகள், முத்திரை கலையாமல் இருந்தன.

கப்பலின் கேப்டன் டுவேன் ஃபோன்டெனோ லூசியானாக்காரர், படையால் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட சாதாரண மாலுமி. "என்ஜின் தயார். முப்பது மைல்தானே, முப்பத்தாறு நிமிஷம். காபி ஆறதுக்குள்ள போயிரலாம்" என்றார். மூன்று பேரும் பிராட்டனிடம் போனோம்.

பிராட்டன் வருத்தத்தோடு கேட்டார். வருத்தப்படுவதில் அவர் குறை வைத்ததே இல்லை.

"திரு. லாட்னியர், உங்க நிலைமை புரியுது. ஆனா பேர் வைக்காத கப்பல் கப்பலே இல்ல. என் பதிவேட்டுல அது மிதக்கும் பொருள் 4417. மிதக்கும் பொருள் தானா நகரக் கூடாது. நகர்ந்தா அதைத் துரத்திப் பிடிக்க நான் ஒரு கப்பல் அனுப்பணும். எங்கிட்ட கப்பல் இல்ல."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் நாங்க ஓட்டிப் பாத்தோமே சார்" என்றார் ஃபோன்டெனோ.

"அப்ப அது உங்க பொருள். உங்க பொருளை நீங்க எப்படி வேணா மிதக்க விடலாம்."

"பேர் வச்சிருங்களேன் இப்பவே" என்றார் ஓடெல்.

பேர் முன்பே முடிவாகியிருந்தது. செனட்டர் ஹார்லன் க்ரம்ப். இறந்து நாற்பது வருஷமானவர். உயிரோடு இருக்கிறவர் பெயரைக் கப்பலுக்கு வைக்கக் கூடாது என்பது நாலாவது விதி. உயிரோடு இருப்பவர்கள் எப்போது என்ன செய்வார்கள் என்று சொல்ல முடியாது அல்லவா. ஆனால் புட்டி உடைக்கும் பேறு செனட்டரின் பேத்தி திருமதி அகஸ்டா பெல்லுக்கு. அவர் தலைநகரில் இருந்தார். எங்கள் விமான நிலையத்தில் நான்கடித் தண்ணீர்.

ஞாயிறு அப்படிப் போயிற்று. முதல் உருளையும் போயிற்று.

திங்கட்கிழமை ஓடெல் ஒரு யோசனை சொன்னார். அந்த அம்மாள் போனில் பெயரைச் சொல்லட்டும், அங்கேயே புட்டியை உடைக்கட்டும், சத்தத்தை ஒலிபெருக்கியில் கப்பலுக்குக் கேட்க வைக்கலாம். பிராட்டன் புத்தகத்தை இரண்டு தடவை புரட்டி, தடை ஏதும் இல்லை என்றார். அவர் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தோம். வாத்தியக்காரர்களைக் கூப்பிட்டு நிறுத்தினார். சரியாகப் பதினோரு மணிக்குத் திருமதி பெல் தன் வீட்டிலிருந்து, "உனக்கு செனட்டர் ஹார்லன் க்ரம்ப் என்று பெயர் சூட்டுகிறேன்" என்று தழுதழுத்தார். சலீர் என்று நன்றாகவே உடைந்தது. வாத்தியம் முழங்கியது. ஃபோன்டெனோ கயிற்றை அவிழ்க்கச் சொன்னார்.

தலைமையகத்திலிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது. புட்டி எதன்மேல் உடைந்தது?

தரை அழுக்காகாமல் இருக்க, அந்த அம்மாள் சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் உடைத்திருக்கிறார். இரண்டே மணி நேரத்தில் தீர்ப்பு வந்தது. அவ்வளவு வேகமாக அந்த அலுவலகம் எதையும் செய்து நாங்கள் கண்டதில்லை. பெயர் சொல்லிப் புட்டி எதன்மேல் உடைகிறதோ அதற்குத்தான் பெயர். அன்றிலிருந்து செனட்டர் ஹார்லன் க்ரம்ப் என்பது அந்தத் தொட்டி. சாயங்காலமே இரண்டு சிப்பாய்கள் காவலுக்குப் போய் அவர் வீட்டுச் சமையலறையில் நின்றார்கள். பாத்திரங்களை அவர் குளியலறையில் கழுவிக்கொண்டாராம்.

"அப்ப வேற பேர் குடுங்க" என்றார் ஓடெல்.

"இந்த வருஷப் பட்டியல்ல அந்த ஒரு பேர்தான் மிச்சம் இருந்தது. பெயர்க் குழு அடுத்து ஜனவரியில கூடும்."

அப்போது செப்டம்பர்.

செவ்வாய்க்கிழமை காலை வானொலியில் வெர்டி முன்போல வாயாடவில்லை. இரண்டு சொல்லுக்கு ஒரு தடவை நின்றாள். "கடைசியை மாட்டியாச்சு" என்றாள். "லியூ பக்கத்துல இருக்கா. உருளை முள்ளைப் பாத்துப் பாத்துச் சொல்றா. சாயங்காலம் வரைக்கும் வரும்ங்கறா. நான் வேற எதையாவது பாருடின்னேன்." அவ்வளவுதான் பேச முடிந்தது.

ஓடெல் நேராகப் பிராட்டன் அறைக்குப் போய், நாற்காலியில் உட்காராமல், மேஜை ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், நான் முட்டி போடணுமா? போடறேன். அதுக்கு ஒரு படிவம் இருந்தா அதையும் நிரப்பறேன்."

பிராட்டனுக்குக் கண் கலங்கியது. இதை நான் கண்ணால் பார்த்தேன். "நேத்து ராத்திரி பூரா உங்களுக்காகத்தான் இதைப் படிச்சேன்" என்று புத்தகத்தைக் காட்டினார். "பத்தொன்பதாவது விதின்னு ஒண்ணு இருக்கு. பேரிடர் நேரத்துல, தலத்துல இருக்கற அதிகாரியே பேர் வைக்கலாம். ஆனா அந்தப் பேரிடர்ல இறந்தவர் பேரா இருக்கணும். நெருங்கின உறவு ஒருத்தர் நேர்ல கையெழுத்துப் போடணும். நான் விசாரிச்சுட்டேன். நம்ம துரதிர்ஷ்டம், தீவுல இதுவரைக்கும் ஒருத்தரும் சாகலை." அவர் மூக்கைச் சிந்தினார். "யாராவது ஒரே ஒருத்தர் செத்திருந்தாப் போதும். முப்பத்தாறு நிமிஷத்துல போய் எல்லாரையும் காப்பாத்தியிருக்கலாம்."

ஓடெல் மேஜையிலிருந்து கையை எடுத்தார்.

"செத்துட்டா" என்றார் ஓடெல்.

"யாரு?"

"வெர்டி லாட்னியர். என் பொண்டாட்டி."

பிராட்டன் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார். பிறகு உட்கார்ந்து படிவத்தை எடுத்தார். "எப்போ?"

"இப்பத்தான்."

"என் ஆழ்ந்த அனுதாபம். காரணம்னு ஒரு கட்டம் இருக்கு, உண்மையை எழுதிருங்க."

ஓடெல் 'தாமதம்' என்று எழுதினார். அது மருத்துவக் காரணமாகாது என்று பிராட்டன் சொன்னதும் அடித்துவிட்டு 'மூச்சு' என்று எழுதினார். நாற்பது வருஷம் நேர்கோடு இழுத்த கையால் கையெழுத்துப் போட்டார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு உள்ளங்கையைப் பேண்ட்டில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தார்.

படகு வானொலிக்குப் போய் அவளிடம் சொன்னார். "வெர்டி, நீ செத்துட்டதா எழுதிக் குடுத்துட்டேன்."

இரைச்சல் மட்டும் வந்தது. அப்புறம், "எத்தனை மணிக்கு?"

"பதினொண்ணு."

"சரி. அப்ப மத்தியானம்... சமைக்க வேண்டாம்."

புட்டியை உடைக்க அவரையே விட்டார்கள். முதல் அடியில் இரும்புத் தகடு கழன்று தண்ணீரில் விழுந்தது. நேர்த்தியான வெல்டிங் என்று சான்றளித்த நான்கு பேரும் வானத்தைப் பார்த்தார்கள். இரண்டாவது அடியை நங்கூரச் சங்கிலியில் அடித்தார். உடைந்தது. பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில், கையில் மிஞ்சிய புட்டிக் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஃபோன்டெனோ முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "வெர்டி லாட்னியர்" என்று வந்தது, யாரையோ வாசலிலிருந்து கூப்பிடுகிற மாதிரி.

மிதக்கும் பொருள் 4417 கப்பலாகி, பன்னிரண்டரை மணிக்குக் கரையை விட்டது. ஆறு நாட் வேகத்தில்.

"என்ன சார் இது?" என்றார் ஃபோன்டெனோ.

"கப்பல் தன் பெயருக்குரியவருடைய உடலை எடுக்கப் போகுது" என்றார் பிராட்டன். கையில் கறுப்புப் பட்டை கட்டியிருந்தார். வாத்தியக்காரர்களையும் ஏற்றியிருந்தார். "துக்கப் பயணம். ஆறு நாட் வேகத்துக்கு மேல போனா அவமரியாதை."

அந்த வேகத்தில் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பெலிக்கன் பறவைகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. ஓடெல் முகப்பில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கையால் தள்ளினால் நகருமோ என்கிறவர் போல முன்னால் சாய்ந்து நின்றார். முழுசாக அரைமணி நேரம் அப்படிப் போனோம். ஃபோன்டெனோ அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னவோ செய்தார். வாத்தியக்காரர்களில் ட்ரம் வைத்திருந்தவர் ட்ரம்மோடு பின்னால் உருண்டார்.

"கேப்டன், வேகத்தைக் குறைங்க" என்றார் பிராட்டன், தூணைக் கட்டிக்கொண்டு.

"கைப்பிடி மாட்டிக்கிச்சு சார்."

"எதுல மாட்டியிருக்கு?"

"நாற்பத்துமூணுல."

அன்றைக்குத்தான் அந்தக் கப்பல் எதற்காகக் கட்டப்பட்டதோ அதைச் செய்தது.

தீவின் உடைந்த துறையில் சாப்பாட்டு நாற்காலி ஒன்றைப் போட்டு வெர்டியை உட்கார வைத்திருந்தார்கள். திருமதி லியூ குடை பிடித்திருந்தாள். இன்னும் இருபத்தொரு பேர் பின்னால் நின்றார்கள். வெர்டியின் உதடு நாவல் பழம் தின்ற நிறத்தில் இருந்தது. உருளை முள் சிவப்பைத் தாண்டிப் படுத்துவிட்டது. சாயங்காலம் வரை என்று லியூ சொன்னது ஆறுதலுக்குச் சொன்னது போலிருக்கிறது. ஓடெல் கப்பலின் இறங்குபலகையைப் போடுவதற்கு முன்பே குதித்து, அவளைத் தூக்கிக்கொண்டு ஏறினார். மருத்துவ அறை வாசலில் பிராட்டன் சாவியோடு நின்றார்.

"இவங்க யாரு?"

"வெர்டி" என்றார் ஓடெல்.

பிராட்டன் வெளுத்துப்போனார். "திரு. லாட்னியர், இவங்க உயிரோட இருக்காங்க."

"ஆமா சார். கதவைத் திறங்க."

"நிலைமையோட கனம் உங்களுக்குப் புரியலை. இவங்க உயிரோட இருந்தா இந்தப் பேர் செல்லாது. பேர் செல்லாட்டி இது கப்பல் இல்ல. கப்பல் இல்லாட்டி இது மருத்துவ அறையும் இல்ல, திறக்க எனக்கு அதிகாரம் இல்ல."

"அப்ப செத்துட்டான்னே வச்சுக்கங்க."

"செத்தவங்களை மருத்துவ அறையில சேர்க்க முடியாது. குளிர்பதன அறைதான்." அவர் சாவியை விரலில் மாட்டிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். "நானும் மனுஷன்தான். உதவணும்னு துடிக்கிறேன். எந்தப் பக்கம் துடிக்கறதுன்னு விதியில இல்ல."

வெர்டி கணவன் கையிலிருந்து இறங்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேச அவளிடம் மூச்சு மிச்சமில்லை. ஒரு சொல், ஒரு இழுப்பு என்று பேசினாள்.

"தம்பி. நான் செத்தவ. செத்தவ... உள்ள போனா... எந்த விதியில... தடுப்ப?"

பிராட்டன் புத்தகத்தைப் பிரித்தார். அவர் தேடிக்கொண்டிருந்தபோது ஃபோன்டெனோ அவர் விரலிலிருந்து சாவியை உருவிக் கதவைத் திறந்தார். வெர்டி தானே நடந்து உள்ளே போய்ப் படுக்கையில் உட்கார்ந்தாள். ஓடெல் முத்திரையைப் பல்லால் கடித்துக் கிழித்தார். முகமூடியை மாட்டி வால்வைத் திருகினார். ஊதா நிறம் போக எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. இருபத்திரண்டு பேரும் ஏறி முடித்தபோதும் பிராட்டன் புரட்டிக்கொண்டுதான் இருந்தார். கடைசியில் புத்தகத்தை மூடிவிட்டுப் பயணக் குறிப்பில் இப்படி எழுதினார்: 'பெயருக்குரியவரின் உடல் தன் காலால் நடந்து கப்பலேறியது. வேறு விசேஷமில்லை.'

அந்தக் குறிப்பு இன்றைக்கும் பதிவேட்டில் இருக்கிறது. அதை யாரும் கேள்வி கேட்கவில்லை, கையெழுத்து சரியாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் பெயரைக் கேட்டார்கள், சொன்னோம். இறந்தவர் பட்டியலில் அதே பெயர் இருப்பதைப் பார்த்து, தற்செயல் ஒற்றுமை என்று எழுதிக்கொண்டார்கள். இறப்பை ரத்து செய்ய ஓடெல் நான்கு தடவை விண்ணப்பித்தார். ரத்து செய்தால் கப்பலின் பெயர் போகும், பெயர் போனால் அது இதுவரை ஓடிய ஓட்டமெல்லாம் சட்டவிரோதமாகும், ஆகையால் பொதுநலன் கருதி அவருடைய மனைவி இறந்தவராகவே நீடிக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார் என்று பதில் வந்தது.

கப்பல் தொடர்ந்து சேவை செய்தது. பத்து நாட் வேகத்துக்கு மேல் போக எரிபொருள் அனுமதி வேண்டும். அனுமதிக்கு இருபது நாள். வடக்குத் துறைமுகத்திலிருந்து மெத்தைகளைத் தெற்குத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகும். அளவு சரியில்லை என்று அதே மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுவரும். புது வீட்டு ஜன்னலிலிருந்து வெர்டிக்கு அது தெரியும். "அதோ பாரு, நான் போறேன்" என்பாள். "அடேயப்பா, என்ன மெதுவா போறேன்."

ஏழு வருஷம் அப்படி இருந்தாள். மார்ச் மாதம் ஒரு காலையில் இறந்தாள். இந்தத் தடவை நிஜமாக.

இறப்பைப் பதிய ஓடெலை நான்தான் மாவட்டப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே இருந்த பெண் மரியாதையாகவே பேசினாள். பெயரைத் தட்டிப் பார்த்தாள், இன்னொரு தடவை தட்டினாள்.

"இவங்க ஏழு வருஷத்துக்கு முன்னாடியே பதிவாயிட்டாங்க சார்."

"அது வேற. இன்னிக்குக் காலையில இறந்தா."

"ஒருத்தருக்கு ஒரு தடவைதான் போட முடியும் சார்."

"அப்ப இன்னிக்கு நடந்ததை எதுன்னு போடுவீங்க?"

அவள் திரையைப் பார்த்தாள். "எங்க கோப்புப்படி இன்னிக்கு எதுவும் நடக்கலை சார்."

ஓடெல் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். பின்னால் வரிசையில் இருந்தவர்கள் இருமினார்கள். நான் அவர் தோளைத் தொட்டேன், நகரவில்லை.

"அதை ஒரு காகிதத்துல எழுதிக் குடும்மா" என்றார்.

"எதை சார்?"

"இன்னிக்கு எதுவும் நடக்கலைன்னு."

அவள் எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். வீடு திரும்பும் வழி முழுக்க அந்தப் பையின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.